எதுகை இல்லை

என் தம்பியின் காலை நான் வேண்டுமென்றேதான் மிதித்தேன். தெரியாமல் பட்டுவிட்டது என்று இத்தனை வருடமாக வீட்டில் சொல்லிக்கொண்டு வருகிறேன். இங்கே அந்தப் பொய் வேண்டாம். பள்ளி பஸ்ஸில் ஏறுவதற்கு வரிசையில் நின்றபோது, கறுப்பு ஷூவின் குதிகாலை ஊன்றி, அவன் சுண்டுவிரல் எங்கே இருக்கும் என்று கணக்குப் பண்ணி மிதித்தேன். அவன் ‘அம்மா!’ என்று அலறினான். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். என் கழுத்திலிருந்த பலகையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன். அவன் இரண்டாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ருவைஸ் ரிஃபைனரியில் வேலை. அபுதாபியிலிருந்து மூன்று மணி நேரம் மணலைப் பார்த்துக்கொண்டே வந்தால் வரும் ஊர் அது. எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே இருந்தது ஒரே பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்துக்குள் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்று சூப்பர்வைசர் மேடம் ஒரு சட்டம் கொண்டுவந்தார். சட்டத்தைக் காப்பாற்ற உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளைவுட் பலகை செய்து, துளை போட்டு, ஷூ லேஸ் கோத்து வைத்தார். ‘நான் ஆங்கிலம் பேசவில்லை’ என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மலையாளமோ தமிழோ இந்தியோ பேசி மாட்டிக்கொண்டால் பலகை கழுத்தில் ஏறும். இறக்குவதற்கு ஒரே வழி, வேறு யாராவது பேசுவதைக் கண்டுபிடித்து அவர் கழுத்தில் மாட்டுவது. பள்ளி விட்டு பஸ் ஏறும்போது அது யாரிடம் இருக்கிறதோ, அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் டைரியில் அப்பாவின் கையெழுத்து வாங்கி, மறுநாள் அசெம்ப்ளியில் மேடைக்குக் கீழே எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும். மேடத்துக்கு ஒரு வேலையும் இல்லை. நாங்களே ஒருவரை ஒருவர் ஒட்டுக்கேட்டு, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்து, சட்டத்தை ஜாம் ஜாமென்று நடத்திக்கொடுத்தோம்.

எனக்கு அன்றைக்கு அதை எப்படியாவது கழற்றியாக வேண்டியிருந்தது. மறுநாள் மார்ச் ஒன்றாம் தேதி. மறுநாள்தான் நாற்காலி.

நாற்காலியைக் கொண்டுவந்தது மியூசிக் மிஸ். அவருடைய வீட்டுக்காரர் அப்பாவின் பிளான்ட்டில் இன்ஜினியர். வெள்ளைக்காரி என்பதால் சூப்பர்வைசர் மேடமே அவரிடம் கொஞ்சம் குழைந்துதான் பேசுவார். அந்த மிஸ் முதல் வகுப்பிலேயே, தான் இங்கிலீஷ்காரி இல்லை என்று சொன்னபோது எங்களுக்குத் தலை சுற்றியது. வேல்ஸ் என்று ஒரு நாடாம். பக்கத்திலேயே இங்கிலாந்து உட்கார்ந்திருந்தும் அவர்களுக்கென்று தனி மொழியாம். வீட்டில் அம்மா அப்பாவோடு அவர் ஒரு நாள்கூட ஆங்கிலத்தில் பேசியது கிடையாதாம். அவ்வளவு வெள்ளையாக இருந்துகொண்டு ஆங்கிலம் பேசாமலும் ஒருவர் இருக்கலாம் என்பதை நாங்கள் யாரும் நம்பவில்லை.

அவர்கள் ஊரில் வருடா வருடம் கோடையில் ஒரு பெரிய மைதானத்தில் கூடாரம் போட்டு ஒரு வாரம் பாட்டும் கவிதையுமாகத் திருவிழா நடக்குமாம். கிதார் வைத்துக்கொண்டு பாடுகிற பையன்கள்கூட அவர்கள் மொழியில்தான் பாடுவார்களாம். கவிதைப் போட்டியில் ஜெயித்தவருக்கு ஒரு நாற்காலி. பல நூறு வருடமாகப் புலவர்கள் அந்த நாற்காலிக்கு மோதிக்கொள்கிறார்கள் என்றார் மிஸ். கவிதையைப் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். ஜெயித்தது யார் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. புனைபெயரைக் கூப்பிட்டதும் அவர் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து நிற்பார். யாருடைய கவிதையும் தேறவில்லை என்றால் நாற்காலியை அந்த வருடம் காலியாகவே வைத்துவிடுவார்கள். தங்கள் ஊர்ப் பண்டிகை நாளான மார்ச் ஒன்றாம் தேதி நம் பள்ளியிலும் அப்படி ஒன்று நடத்தலாம் என்று மிஸ் கேட்க, கவிதை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் சரி என்று மேடம் அனுமதி கொடுத்தார்.

அதற்கான ஒத்திகையில்தான் நான் அந்தச் சொல்லைக் கேட்டேன். ஜெயித்தவரை நாற்காலியில் உட்காரவைக்கும் முன்பு, உறையிலிருந்து வாளைப் பாதி உருவிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து மூன்று முறை ஒரு கேள்வி கேட்பார்களாம். மிஸ்ஸிடம் வாள் இல்லை. கணக்கு வகுப்பின் மர ஸ்கேலை ஓர் அட்டை உறைக்குள் வைத்திருந்தார். ‘ஆ ஓய்ஸ் ஹெதூஹ்?’ என்று அவர் கேட்க, நாங்கள் எல்லோரும் ‘ஹெதூஹ்!’ என்று கத்த வேண்டும். மூன்று முறையும் கத்திய பிறகு வாள் உறைக்குள் போய்விடும். அதன் பிறகு உட்காரலாம்.

மற்றவர்கள் காதில் அது எப்படி விழுந்ததோ தெரியாது. என் காதில் ‘எதுகை’ என்று விழுந்தது. சந்தேகமே இல்லாமல் விழுந்தது. ஏனென்றால் என் அம்மா பாளையங்கோட்டையில் தமிழ் எம்.ஏ. படித்தவள். ருவைஸில் அந்தப் படிப்புக்கு வேலை இல்லாததால், தோசை ஊற்றும்போது எங்களிடம் எதுகை மோனை விளையாடுவாள். கவிதைத் திருவிழாவில் எதுகையைத் தவிர வேறெதைக் கேட்பார்கள்? ‘எதுகை இருக்கிறதா?’ என்று மிஸ் கேட்கிறார், ‘இருக்கிறது!’ என்று நாங்கள் கத்துகிறோம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். பலகை பயமே இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தொண்டை கிழியக் கத்தலாம் என்பதில் எங்களுக்குப் பரம சந்தோஷம்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள். அந்த வாரமே பலகையைப் பற்றிப் புகார் சொல்லப் பள்ளிக்கு வந்தாள். மேடம் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் மியூசிக் ரூம் வாசலில் மிஸ்ஸோடு பேசிக்கொண்டு நின்றவள், ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினாள். அவர்கள் கவிதையில் ஒரு வரியின் முன்பாதியில் வரும் மெய்யெழுத்துகள் அதே வரிசையில் பின்பாதியிலும் வர வேண்டுமாம், நம் ஆட்களைவிடக் கெடுபிடியாக இருக்கிறார்கள் என்று வீட்டில் வந்து அப்பாவிடம் சொன்னாள். மிஸ்ஸின் கொள்ளுப்பாட்டி காலத்துப் பள்ளிகளில் வேல்ஸ் மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்திலும் இதே போல ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்களாம் என்றும் சொன்னாள். அப்பா டூட்டிக்குப் போகும் அவசரத்தில் ‘அப்படியா’ என்றார். நான் கவிதையை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். என் புனைபெயர் ‘சாண்ட் குயின்’.

சரி, காலை மிதித்த நாளுக்கு வருகிறேன். பலகையோடு இருப்பவர் மேடை ஏறக் கூடாது. அன்று மத்தியானம் ஒரு மலையாளப் பையன் என்னைப் பிடித்துவிட்டான். கடைசி மணி வரை ஒரு பயலும் வாயைத் திறக்கவில்லை. பஸ் வரிசையில் எனக்கு முன்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா அவன் கழுத்தைப் பார்த்தாள், வீங்கிய விரலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, உண்மையச் சொல்லு. நீ மிதிச்சியா?”

“தெரியாமப் பட்டுட்டும்மா.”

அவள் என்னை அடிக்கவில்லை. அப்பா டைரியை வாங்கிக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோதுதான் வெடித்தாள்.

“கையெழுத்தா போடுதிய? பிள்ள வலிக்கின்னு அம்மான்னு கூப்பிட்டதுக்கா?”

“வேல பாக்க வந்த எடத்துல நமக்கு எதுக்கு வம்பு? இத விட்டா இங்க வேற ஸ்கூல் மாஃபி, கெடையாது. கலாஸ், முடிஞ்சுது, விடு.”

அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா அந்தப் பேனாவைப் பிடுங்கி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினாள்: ‘என் மகன் என்னை அம்மா என்று கூப்பிட்டான். இப்படிக்கு, அவன் அம்மா.’ எனக்கு அவமானமாக இருந்தது. நாளைக்கு நாற்காலி எனக்குத்தான் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன், இவள் டைரியில் கிறுக்கி வைக்கிறாளே என்று எரிச்சல்.

மறுநாள் ஹாலில் பெற்றோர்களும் வந்திருந்தார்கள். அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். மேடைக்குக் கீழே, இடது பக்கம், கழுத்தில் பலகையோடு தம்பி நின்றான். அடிபட்ட காலைத் தரையில் முழுக்க ஊன்றாமல் நின்றான். மிஸ் சட்டையில் மஞ்சள் காகிதப் பூ குத்தியிருந்தார். மேடை நடுவில், பேக்கிங் மரத்தில் அவர் வீட்டுக்காரர் செய்த நாற்காலி. இரண்டு பக்கமும் கை, உயரமான முதுகு, வார்னிஷ் வாசனைகூடப் போகவில்லை. எட்டாம் வகுப்பு அண்ணன் ஒருவன் ரெக்கார்டர் குழலை ஊதினான். மிஸ் கூப்பிட்டார்: “சாண்ட் குயின்!”

எழுந்து நின்றேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. தம்பியைத் தாண்டித்தான் மேடைப் படியில் ஏற வேண்டும். ஏறினேன். நாற்காலிக்கு முன்னால் நின்று, அதன் கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மிஸ் ஸ்கேலைப் பாதி உருவினார். “ஆ ஓய்ஸ் ஹெதூஹ்?”

“எதுகை!” என்று கத்தினேன். ஹாலே அதிர்ந்தது.

இரண்டாம் முறை. “எதுகை!” தமிழ்ப் பிள்ளைகளின் குரல் தனியாகக் கேட்டது. கீழே நின்ற தம்பியும் கத்தினான்.

மூன்றாம் முறை மிஸ் கேட்டுவிட்டு மூச்சு வாங்குவதற்குள், நாங்கள் வாயைத் திறப்பதற்குள், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இல்லை!”

அம்மா எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் கவிதையில் எதுகை இல்லையாம்! ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும் சபையில், பெற்ற தாயே எழுந்து நின்று குறை சொல்கிறாள். ‘சாண்ட்’, ‘லேண்ட்’, ‘ஹேண்ட்’ என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்து, இது வரிக்கடைசியில் வருகிற இயைபுதான், எதுகை இல்லை என்று அவள் ஏற்கெனவே வீட்டில் சொல்லியிருந்தாள். அதை இங்கேயா வந்து சொல்ல வேண்டும்?

அந்தச் சொல்லுக்கு எதுகை என்று பொருள் இல்லை. சமாதானம் என்று பொருள். ‘சமாதானம் இருக்கிறதா?’ என்று கேட்பார்கள், ‘சமாதானம்!’ என்று கூட்டம் பதில் சொல்லும். மியூசிக் ரூம் வாசலிலேயே மிஸ் அதை அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். ஹாலில் அந்தப் பொருள் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

சூப்பர்வைசர் மேடம், நடத்துங்கள் நடத்துங்கள் என்று கையை ஆட்டினார். மிஸ் நடத்தவில்லை. பாதி உருவிய ஸ்கேலோடு அப்படியே நின்றார். பிறகு அதை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கித் தம்பியிடம் போனார். அவன் கழுத்திலிருந்து பலகையைக் கழற்றித் தன் கழுத்தில், மஞ்சள் பூவுக்கு மேல் மாட்டிக்கொண்டார். மேடத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: “நான் மூன்று முறை என் மொழியில் பேசினேன். எல்லோரும் கேட்டீர்கள். சட்டம் சட்டம்தானே?”

தேசிய கீதம் போட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்கள். நாற்காலி காலியாகவே இருந்தது.

அந்தப் பலகையை மிஸ் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கோடை விடுமுறை வரை தினமும் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வகுப்புக்கு வந்தார். காரிடாரில் யார் எந்த மொழி பேசினாலும் கேட்டுக்கொண்டே நடந்து போனார், யாரையும் பிடிக்கவில்லை. மேடம் புதிதாக ஒன்று செய்திருக்கலாம். ஏனோ செய்யவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அம்மா தானும் கூடவே போய், டைரியில் எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு வந்தாள். அடுத்த வருடம் மிஸ்ஸின் வீட்டுக்காரருக்கு கத்தாரில் ராஸ் லஃபானில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார்கள். இன்றைக்கு என் அலுவலகத்தில் தமிழில் போன் வந்தால் நான் எழுந்து வெளியே போவதில்லை. இருந்த இடத்திலேயே, என் குரலிலேயே பேசுகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளித்தால் இன்னும் இரண்டு நிமிடம் கூடப் பேசுவேன்.

ஆனால் அன்றைக்கு நான் அப்படிப்பட்டவள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டு அழுதேன். “என் கவிதைல எதுகை இல்லன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டியேம்மா!”

அம்மா தம்பியின் விரலுக்கு ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்தாள். “எதுகை இல்லட்டி அது. சமாதானமா இருக்கோமான்னு கேட்டாங்க.”

“இருந்தோம்லா? யாரும் சண்ட போடலியே? எதுக்கு இல்லன்னு சொன்ன?”

அவள் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “மேடைல ஏறும்போது, ஒன் தம்பி அங்கன நின்னத நீ பாக்கலியா?”

“பாத்தேனே,” என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பலகையோட நின்னான்.”

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அம்மா குனிந்து மறுபடியும் ஐஸ் ஒற்ற ஆரம்பித்தாள். விவாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, முகம் கழுவப் போனேன்.