அக்காவின் எக்ஸ்ட்ராவும் சாரியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தயங்கினேன். எட்டாவது வரை படித்தவள். சாமி காரியத்தைத் தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயம். போன மாதம் சாத்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, ஒரு பட்டாசுக் கம்பெனி ரூம் சுவரில் ‘ஆட்கள் நான்கு’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. மாரியாத்தா சன்னதியைக் கண்டதுபோல என் கை தானாகக் கூம்பிவிட்டது.

நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் அக்கா. அவருக்கு இங்கிலீஷில் இரண்டே சொல்தான்: எக்ஸ்ட்ரா, சாரி. எக்ஸ்ட்ரா என்றால் எங்களுக்குச் சந்தோஷம். ஹோட்டலில் எக்ஸ்ட்ரா சாம்பார் கேட்பதில்லையா? அக்காவுக்கு அது ஆகாத சொல். ரூமுக்குள் அளவுக்கு மேல் இருக்கும் ஆளும் வெடிமருந்தும்தான் எக்ஸ்ட்ரா. சாரி, தப்பு செய்தவர் சொல்வது என்று நினைத்திருந்தேன். அக்காவோ, தப்பு செய்தவளை வெளியே அனுப்பும்போது தானே சொல்வார்.

தீபாவளி சீசன். மதினியோடு பேசிக்கொண்டே வேலையை முடிக்கலாமென்று அவள் ரூமுக்குள் ஐந்தாவது ஆளாக நுழைந்து, அவள் பக்கத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கையில் ஒரு தட்டு மருந்து வேறு. அக்கா வந்தார்.

“யாருத்தா எக்ஸ்ட்ரா?”

“ஓரமா ஒடுங்கிக்கிறேன்க்கா.”

“ஒடுங்கி நிக்க இதென்ன கோயில் வரிசையா? சாரித்தா. தட்டோட வெளிய வா.”

மதினி சிரித்தாள். “போத்தா, வேப்பமரத்துக்குத் திரி வை!”

தட்டை அக்கா வாங்கிப் போனார். மரத்தடியில் நின்று அவரை மனதுக்குள் வைதேன். வைது முடிக்கவில்லை, ரூம் வெடித்தது. மருந்து எதில் உரசியதோ தெரியாது. கூரை போய்விட்டது. ஆனால் அந்த ரூமுக்கு நாலு பக்கமும் வாசல், வாசலுக்கு ஒருத்தி. நாலு பேரும் அவரவர் வாசல் வழியே குதித்துவிட்டார்கள். மதினிக்கு முழங்கை மட்டும் வெந்தது. அவள் குதித்தது நான் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாசல் வழியே!

அக்கா காலில் விழுந்து “சாரிக்கா” என்று அழுதேன். “ஆத்தாவே உங்க ரூபத்துல வந்துட்டா” என்றாள் மதினி.

“ஆத்தா எங்கன வந்தா? நாலுன்னு எழுதியிருக்கு, எண்ணுனேன். அம்புட்டுத்தேன்” என்றார் அக்கா.

எண்ண வைத்தவள் ஆத்தா என்பது என் நம்பிக்கை. ஊரிலோ, அக்கா கையைக் காட்டியதும் நெருப்பு நின்றது என்றுகூடச் சொல்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. கூரை போன பிறகும் அந்த ரூம் சுவரில் ‘நான்கு’ அழியாமல் இருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன், அது போதும். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், உள்ளதை உள்ளபடி. யாராவது எக்ஸ்ட்ரா சேர்க்க வந்தால், அக்காவைப் போல நீங்களே சாரி சொல்லி வெளியே அனுப்பிவிடுங்கள்.