ஜன்னல் கம்பியில் பாய் போட்ட முடிச்சு

"நீங்க போட்ட முடிச்சுதான் பாய் காரணம்."

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரிதான். நாக்கு நுனி வரை வந்தது... விழுங்கிவிட்டேன்.

கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்வி அக்காவின் ஆன்லைன் கடை, சர்டிபிகேட்டுக்கெல்லாம் நெட்டில் எழுதிப் போடும் இடம். அதற்குச் சில மாதம் முன்பு ஒரு நாள் உள்ளே நுழைந்ததுமே எரிந்த பிளாஸ்டிக் வாடை. முந்தின நாள் மலையில் விழுந்த இடி, கேபிள் வழியாக இறங்கி வந்து மோடத்தைத் தின்றிருந்தது. அந்த மழைக்காலத்தில் இது முதல் தடவை அல்ல.

டிப்ளமோ முடித்த கையோடு நான் கள்ளக்குறிச்சியில் பாயிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கேபிள் டிவியில் ஆரம்பித்து இன்டர்நெட்டுக்கு வந்தவர். பொம்பளைப் பிள்ளையை பைக்கில் ஏற்றிக்கொண்டு கம்பம் கம்பமாகப் போகிறார் என்று மற்ற ஆபரேட்டர்கள் கேலி பேசினார்கள். "பேசிட்டுப் போறானுங்க, நீ ஏணியப் புடி" என்பார்.

அப்போது எங்கள் லைன் எல்லாம் காப்பர். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம் என்று எட்டு நிறத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வரிசைப்படுத்துவார். மேலுறையைப் பல்லால் உரிப்பார். முன்பல்லில் அதற்கென்றே ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது.

காப்பருக்கு மூச்சு கம்மி. நூறு மீட்டர் ஓடினால் களைத்துவிடும். அதனால் சிக்னலைத் தள்ளிவிட சில வீடுகளுக்கு ஒரு ஸ்விட்ச் பெட்டி, அது எந்த வீட்டில் மாட்டியிருக்கிறதோ அந்த வீட்டுக் கரண்டு. மாமியாரும் மருமகளும் சண்டை போட்டு யாராவது மெயினை அணைத்தால் தெரு முழுக்க நெட் போய்விடும்... ஊரே பாய்க்கு போன் போடும். பாய் அந்த வீட்டுக்குப் போய், சமாதானம் பேசிவிட்டு, மெயினைப் போட்டுவிட்டு வருவார்.

பிறகு அந்த முடிச்சு. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், ஜன்னல் கம்பியைச் சுற்றி இறுக்கமாக ஒன்று போடுவார். குழந்தை இழுத்தாலும் ஆடு இழுத்தாலும் மோடம் கீழே விழாது. 'பாய் முடிச்சு' என்றே ஊரில் பேர்.

இடி பயத்தில்தான் ஃபைபருக்கு மாறினோம். கண்ணாடி இழைக்குள் ஓடுவது வெளிச்சம். இடியின் கரண்டு அதில் இறங்காது. முதல் நாள் பாய் அதை விரலில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா பாப்பா இது, தூண்டி நரம்பு மாதிரி கீது. இத நம்பி தொழில் பண்றதா?"

இருக்கிற பணத்தையெல்லாம் போட்டு, கம்பம் கம்பமாக இழுத்து முடித்தார். முதல் கனெக்‌ஷன் செல்வி அக்கா கடைக்கு. அது சரியாக வந்தால்தான் மற்ற கடைக்காரர்களும் மாறுவார்கள்.

அன்றைக்கு எல்லாம் மாட்டியாயிற்று. மோடத்தில் சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். கடைசி பஸ் போய்விட்டால் அவர்கள் திரும்ப முடியாது.

"இன்னா பாய், இன்னிக்கும் வர்லியா? புதுசு புதுசுன்னு சொல்லிக்கினு இருந்தீங்க. இன்னிக்கு வர்லன்னா வேற ஆள பாத்துக்குறேன். கோச்சிக்காதீங்க."

"வந்துடும் செல்வி. கண்ணாடியாச்சே, மொகம் பாத்து பழகணும்ல."

அக்கா சிரிக்கவில்லை. பாயின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாய், வெளிய கம்பத்துப் பெட்டிய ஒரு தடவ பாத்துட்டு வரீங்களா?" என்றேன். போனார்.

என்னிடம் பேனா மாதிரி ஒரு சிவப்பு லைட் இருந்தது. மோடத்திலிருந்து மஞ்சள் ஃபைபர் கேபிளைக் கழற்றி, அதன் நுனியில் அடித்தேன். வெளிச்சம் ஓடிப்போய் ஜன்னல் கம்பியில் நின்றது. அங்கே பாய் முடிச்சு... முடிச்சு முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தால் அந்த வளைவில் திரும்ப முடியவில்லை. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியதும் இப்படித்தான் அங்கேயே கசிந்திருக்கும்.

அவ்வளவு அழகான பழுதை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அக்கா கவுண்டர் பக்கம் திரும்பியிருந்தாள். முடிச்சை அவிழ்த்தேன். கேபிளை நீவி, தளர்வாகத் தொங்கவிட்டு மாட்டினேன். பாய் உள்ளே வரும்போது விளக்கு பச்சை.

"இன்னா பண்ண?"

"கேபிள் பின்ன கழட்டி மாட்னேன் பாய். அவ்ளோதான்."

"பாய்க்கு வயசாயிப் போச்சு. பாப்பா கை பட்டாதான் வருது" என்றாள் அக்கா. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜன்னல் கம்பியைப் பார்த்தார். வெறுங்கம்பி. கொஞ்ச நேரம் பார்த்தார்.

திரும்பும் வழியில் பைக்கில் கரும்பைப் பற்றியும், மலை மேல் கட்டும் மேகத்தைப் பற்றியும் மட்டுமே பேசினார்.

இப்போது நான் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறேன். அதே மஞ்சள் கேபிள்கள், ஆயிரக்கணக்கில். அவை திரும்பும் ஒவ்வொரு மூலையையும் யாரோ முன்பே யோசித்து வளைவாகச் செய்திருக்கிறார்கள். வேகத்துக்குக் குறைவில்லை. இடி எங்கே விழுந்தது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கேபிளைப் பார்த்தும், இது இன்னார் கட்டியது என்று சொல்ல முடியவில்லை. வீட்டில் நெட் போனால் ஆப்பில் புகார் எழுதுகிறேன். எந்த வீட்டில் சண்டை என்று யாருக்கும் தெரிவதில்லை...

அன்றைக்குக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் எல்லோருக்கும் எழுதிப் போட்டாயிற்று. செல்வி அக்கா வேறு ஆளைப் பார்க்கவில்லை.

மறுநாள் அடுத்த கடைக்குப் போனோம். பாய் ஜன்னல் பக்கம் போய் நின்றார். மஞ்சள் கேபிளைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாகச் சுற்றி, ஒரு துணி நாடாவால் கம்பியில் தொங்கவிட்டார். முடிச்சு போடவில்லை.