சாமி மாடத்தில் கழுத்தெலும்பு

எங்கள் வீட்டில் யாருக்கும் எலும்பைப் பார்த்தால் அது எலும்பு என்று தெரியாது. தலைமுறை தலைமுறையாகக் கறி தொடாத ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். ஆட்டுக்கறி எப்படி இருக்கும் என்று எங்களைக் கேட்டால் ஆட்டைக் காட்டுவோம். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்பது ஆட்டின் சொந்த விவகாரம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மாமியாரை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் முட்டாள் இல்லை. வேறு பலவுமாக இருந்தார், அதெல்லாம் இங்கே வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. செஞ்சிப் பக்கத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆள் எதிரே வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற சுபாவம். என் நாத்தனார் எனக்கு நேர் எதிர். பாண்டிச்சேரியில் டாக்டர் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். மாமனார் சம்மதித்தார், ஆனால் இப்படி:

"எலும்பு கிலும்பு, பொணம் கிணம் எல்லாம் அங்கியே. நம்ம வாசப்படி தாண்டி ஒண்ணும் உள்ள வரக் கூடாது. வந்துச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே படிப்பு நின்னுடும். பரீட்சையில பெயிலானாலும் அப்படித்தான். அரிசி மில்லுக்காரரு பையனுக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

அரிசி மில்லுக்காரர் பையனை நான் பார்த்திருக்கிறேன். பாதகமில்லாத பையன். பேச்சில் தவிட்டைத் தவிர வேறு ஒன்றும் வராது.

முதல் பெரிய பரீட்சைக்கு முன்னால் படிக்க லீவு விட்டார்கள். நாத்தனார் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வேர்க்கடலை மூட்டை, எங்கள் பேச்சில் மல்லாட்டை மூட்டை, அடுக்கியிருக்கும் அறைக்கு என்னை இழுத்துப் போய்த் திறந்து காட்டினாள். ஒரு முழு மண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் கயிற்றில் கோத்த முதுகெலும்பு, அவிழ்த்தால் தனித்தனியாக வரும்.

"காலேஜ்ல குடுத்தாங்க அண்ணி. தொட்டுப் பாத்துப் படிச்சாத்தான் ஏறும். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நீங்கதான் பேசவே மாட்டீங்களே."

என் கூச்சம் யாருக்காவது உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை.

தினமும் மதியம் மாமியார் தூங்கியதும் பாடம் நடக்கும். அவள் கையை முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொள்வாள். நான் ஒரு எலும்பை எடுத்து வைப்பேன். தடவிப் பார்த்தே அவள் பேர் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் "ம்" என்பேன். இரண்டு நாளில் பயம் போய்விட்டது. கத்தரிக்காய் பொறுக்குவது போலப் பொறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

மண்டை என்பது ஒரே சட்டி என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பல துண்டுகள். ஓரமெல்லாம் ரம்பப் பல் போல நெளிந்து ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொண்டிருக்கும். தையல் பழகுகிற பெண் அவசரத்தில் போட்ட தையல் மாதிரி. பேசும்போது மேல்தாடை அசைவதே இல்லை, கீழ்த்தாடை ஒன்றுதான் ஆடுகிறது என்றாள். அதற்குப் பிறகு மாமியார் என்னைத் திட்டும்போதெல்லாம் நான் அவருடைய கீழ்த்தாடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாவம், ரொம்ப உழைக்கிற எலும்பு.

முதுகெலும்பு பார்வைக்கு வடைமாலைதான். ஒவ்வொன்றிலும் நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைகளின் வழியாக மூளையிலிருந்து நரம்பு இறங்குகிறதாம். உயிரோடு இருக்கும்போது எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ரப்பர் போல ஒரு திண்டு இருக்கும், பகலெல்லாம் நம் பாரத்தில் அது நசுங்கும், அதனால் காலையை விடச் சாயங்காலம் நாம் கொஞ்சம் குட்டை. சமையல்கட்டில் நிற்கிறவர்களுக்கு இதைப் படித்தா தெரிய வேண்டும்? கழுத்தில் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். விலா மாட்டுவது பன்னிரண்டு. இடுப்பில் ஐந்து, அவை தடித்தவை. அதற்கும் கீழே ஒன்றாக ஒட்டிப்போன ஒரு முக்கோணம். அதன் நுனியில் குட்டியாக ஒரு வால்.

"வாலா? எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"மாமாவுக்குக் கூடவா?"

"அப்பாவுக்கும் இருக்கு அண்ணி. நீங்க போய்ப் பாத்துட்டு வராதீங்க."

கழுத்தின் முதல் எலும்புக்கு அட்லஸ் என்று பேர். உடம்பே இல்லாத வெறும் வளையம். இரண்டு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இரண்டு குழி. மண்டை அந்தக் குழிகளில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுகிறது. நாம் "சரி" என்று தலையாட்டுவது அங்கேதான். இரண்டாவது எலும்பில் ஒரு முளை நிற்கிறது. அட்லஸ் அந்த முளையைச் சுற்றித் திரும்புகிறது. "மாட்டேன்" என்பது அங்கே.

"அப்படின்னா இந்த வீட்டு மருமகளுக்கு ரெண்டாவது எலும்பு தண்டம்தானே?" என்றேன்.

அவள் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் மாமியார் எழுந்துவிட்டார். "என்னாடி அங்க கூத்து?" என்று காலடிச் சத்தம் நெருங்கியது. அள்ளிப் போட்டுப் பெட்டியை மூடினோம். அட்லஸ் மட்டும் என் மடியிலிருந்து உருண்டு, விதைக்கு எடுத்து வைத்திருந்த மல்லாட்டைக் கூடையில் விழுந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமியார் விதை மல்லாட்டை பொறுக்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கையில் அட்லஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"இது என்னாடி?"

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நாத்தனார்தான் சமாளித்தாள்.

"அதும்மா... பாண்டிச்சேரி பீச்சுல வாங்கினேன். கடல்ல கெடைக்கிறது. பவழப் பாறை."

மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு உசுரு கிசுரு இருந்துச்சா?"

"இல்லம்மா. கல்லு."

"அப்போ சரி. எவ்ளோ அழகா கொடஞ்சிருக்கான் பாரு."

நேராகச் சாமி மாடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். மேலே இருந்த இரண்டு குழி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒன்றில் சந்தனம், ஒன்றில் குங்குமம். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. அன்றிலிருந்து மாமனார் குளித்துவிட்டு வந்து, கண்ணை மூடி, யாரோ ஒருவருடைய கழுத்திலிருந்து சந்தனம் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டுதான் வெளியே போவார். நானும்தான் இட்டுக்கொண்டேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

நாத்தனார் பதறவில்லை. கிளம்புகிற அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம், அதுவரை அங்கே பத்திரமாக இருக்கட்டும் என்றாள். பெட்டியில் உள்ளதையெல்லாம் திங்கட்கிழமை காலேஜில் ஒப்படைக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் பரீட்சைக்கு உட்கார விட மாட்டார்கள். சனிக்கிழமை மதியம் நான் மாடத்தைத் துடைக்கப் போனேன். வெறும் பித்தளைக் கிண்ணம்தான் இருந்தது.

"அந்தப் பவழமா? காலைல என் தங்கச்சி வந்தாள்ல, ஆசையா கேட்டா. எடுத்துக்கினு போன்னு குடுத்துட்டேன்" என்றார் மாமியார்.

அவருடைய தங்கை இருப்பது விழுப்புரத்தில். அங்கே அவர் புருஷன், எங்கள் சின்ன மாமாவுக்குத் துணிக்கடை.

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. அவளே போய்க் கேட்டால், கொடுத்ததைத் திரும்பக் கேட்பானேன் என்று அம்மா குடைவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனாரே பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார். "அண்ணி, ஜாக்கெட் துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு நீங்க போய்க் கொண்டாந்துடுங்க. நீங்கன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வருஷம் அந்தக் கையில் தவிடு ஒட்டியிருப்பதை நினைத்துப் பார்த்தேன். போகிறேன் என்றேன்.

ஞாயிறு காலை விழுப்புரம் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து, என்ன சொல்லிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கடையில் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. சின்ன மாமாவின் மேஜையில், மின்விசிறிக் காற்றில் பில் பறக்காமல் இருக்க அட்லஸ்தான் மேலே உட்கார்ந்திருந்தது. அவருக்கு ஒரு பழக்கம். அட்லஸைத் தூக்கி நகர்த்துவார், விரலை நாக்கில் தொட்டு ஈரம் பண்ணுவார், பில்லைக் கிழிப்பார், மறுபடி அட்லஸ், மறுபடி நாக்கு.

"வாம்மா வாம்மா! ஜாக்கெட் துணியா?" என்று எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். கிளிப்பச்சையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. கீழ்த்தாடை ஒன்றுதான் அசைய வேண்டும், அதுகூட மாட்டேன் என்றது.

பக்கத்தில் கோலியனூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் சேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பில் போட மேஜைக்கு வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"ஐயா, இது இன்னாதுங்க?"

"பவழப் பாறைம்மா. சமுத்திரத்துல கெடைக்கிறது."

"யாருங்க சொன்னது? இது கழுத்தெலும்பு."

"என்னது?"

"எலும்புங்க. ஆட்டுக் கழுத்துல இதே எடத்துல ஒண்ணு இருக்கும். எத்தினி தபா உறிஞ்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"ஆட்டு எலும்பா!" சின்ன மாமா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அந்த அம்மாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "ஆடு இல்லீங்க. ஆட்டுக்கு றெக்கை பட்டையா இருக்கும். மேல்மலையனூர்ல மயானக் கொள்ளைத் திருவிழா அன்னிக்கு சாமி வந்தவங்க சுடுகாட்டு எலும்ப வாயில கவ்விக்கினு ஆடுவாங்களே, இது அந்தச் சாதி."

"மனுசனா?"

"ஆமா, பின்ன?" என்று அதைத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

சின்ன மாமா தன் விரலைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாக்கை வெளியே நீட்டி, அதையும் பார்க்க முயன்றார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது டாக்டருக்குப் படிக்கிற நம்ம பாப்பாவுதா?"

அப்போதுதான் எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. "நாளைக்குத் திருப்பிக் குடுக்கலன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க சின்ன மாமா. படிப்பு போய்டும். அரிசி மில்லுக்குக் குடுத்துடுவாங்க."

"உங்க மாமனாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. இதுல இருந்துதான் தெனமும் சந்தனம் இட்டுக்கினாரு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அவரு நெத்தியில, நான் நாக்குல" என்று முணுமுணுத்தார். விரலை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். போய் மாமனாரிடம் சொல்லிவிடுவாரோ என்று அவருடைய கீழ்த்தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது வெளிய தெரிஞ்சா எங்க ரெண்டு பேரு மானமும் போவும்" என்றார் ஒருவழியாக. "நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. ஜல்தியா எடுத்துக்கினு கெளம்பு."

அதைத் தொடக் கூசி, என் கையிலிருந்த கிளிப்பச்சைத் துணியை வாங்கி அதன்மேல் போட்டார். நான் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

"அப்போ நான் மட்டும் எதுக்குங்க சும்மா இருக்கணும்?" என்றாள் கோலியனூர் அம்மாள். "நானும் சொல்ல மாட்டேன். சேலைக்கு ஒரு ஜாக்கெட் துணி சேத்துக் குடுங்க."

கொடுத்தார். கொடுத்துவிட்டு வாய் கொப்பளிக்க உள்ளே ஓடினார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கும்போது பாண்டிச்சேரி பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. மாமனார் அந்தத் தகரப் பெட்டியைத் தன் தோளிலேயே சுமந்து வந்து ஏற்றியிருந்தார். "புஸ்தகம்லாம் இந்தக் கனமா கனக்குது, எப்படித்தான் படிக்கிறாளோ" என்று தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலோரம் நாத்தனார் கழுத்தை நீட்டி என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு ஜாக்கெட் துணி, மாமா" என்று சொல்லிச் சுருட்டை நீட்டினேன்.

"இப்டிக் குடு. என்ன கலரு?" என்று அவர் கையை நீட்டினார்.

என் முதுகெலும்பு முழுக்க மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகச் சில்லிட்டது. நாத்தனார் ஜன்னல் வழியாகப் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். "எனக்குத்தானேப்பா! நான்தான் மொதல்ல பாப்பேன்." குனிந்தாள். பெட்டி திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்டன. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. பஸ் நகர்ந்தது. வெறும் துணி ஜன்னல் வழியாகப் பறந்து வந்து மாமனார் மேல் விழுந்தது.

"இந்தக் கலரு எனக்கு வேணாம்ப்பா! அண்ணியே தச்சிக்கட்டும்!"

மாமனார் துணியை உதறி மடித்தார். "விழுப்புரம் வரைக்கும் போய் வாங்கினு வந்திருக்கா, வேணான்னு தூக்கிப் போட்டுட்டுப் போவுது. டாக்டருக்குப் படிக்கிற திமிரு. மொதல்ல பாஸாவுதா பாக்கலாம்."

"ஆவும் மாமா" என்றேன்.

அவரிடம் தெருவில் நான் வாய் திறந்ததே இல்லை. திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். துணியை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

நாத்தனார் பாஸானாள். அரிசி மில்லுக்காரர் வேறு இடத்தில் பெண் பார்த்துப் பையனுக்குக் கல்யாணம் பண்ணினார். குடும்பத்தோடு போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தோம், பொழுது சாய்வதற்குள். கிளிப்பச்சை ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். கை கொஞ்சம் இறுக்கம்.