இடதுபக்கத்துக்கு ஒரு ஆள்

தபீதாள் பம்மலில் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிட்லபாக்கம் சபையில் பெண்கள் சங்கத்து நாடகத்தை வருஷாவருஷம் அவள்தான் நடத்துவாள். உடை தைப்பது அக்காள் ரத்தினபாய். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்றாலும், ஒரு நூல் பிசிறி நின்றால் தையல் முழுவதையும் பிரித்துவிடுவாள். தங்கையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் மிஷினை நிறுத்திவிட்டுப் பெருமை பேச உட்கார்ந்துவிடுவாள்.

1989-இல் நியாயத்தீர்ப்பு நாடகம். பரலோகத்துக்குரிய வலதுபக்கத்தார் மெழுகுவத்தியோடு நிற்பார்கள். நரகத்துக்குரிய இடதுபக்கத்தாரைத் தேவதூதன் பக்கவாசல் வழியாக வெளியே இருட்டில் விட்டுக் கதவைச் சாத்துவான். இடதுபக்கத்துக்குத்தான் ஆள் கிடைக்காது.

“போன வருசம் நான்தானே நரகத்துக்குப் போனேன்? இந்தத் தபா வேதசிரோமணி அக்கா போவட்டும்.”

“எம் மருமவ பாத்துகினு இருப்பா. என்னால ஆவாதுப்பா!”

சீட்டுக் குலுக்கத் தபீதாள் டப்பாவை எடுத்தபோது செல்லம்மா எழுந்தாள்.

“நான் போறேன் டீச்சர்.”

“உனக்கு வலதுபக்கம்தானே குடுத்திருக்கேன்?”

“எங்க வூட்டுக்காரரு அங்கதானே கீறாரு.”

சிரிப்பு நின்றது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அவள் புருஷன் தாவீது, குடித்துவிட்டுத் தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்து நாலு மாதம். அடக்க ஆராதனையில் போதகர், பாவிகள் தள்ளப்படும் புறம்பான இருளைப் பற்றித்தான் பிரசங்கித்தார். அன்றிலிருந்து செல்லம்மா வீட்டில் விளக்குப் போடுவதில்லை.

“அந்த மனுசன் இருட்டுல தனியா கெடக்கும். எனக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்?”

அன்று தபீதாள் சாப்பிடவில்லை. “அவளுக்கு நான் என்னக்கா பதில் சொல்றது?”

“எனக்கென்ன தெரியும்? நீதானே படிச்சவ,” என்றாள் ரத்தினபாய்.

நாடகத்தில் தபீதாள்தான் தேவதூதன். பக்கவாசலைத் திறந்தாள். செல்லம்மா தலையைக் குனிந்துகொண்டு தனியே வெளியே இறங்கினாள். கதவைச் சாத்தவேண்டிய தபீதாள் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். பிறகு வலதுபக்கத்தில் நின்ற ஒருத்தியின் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டு, தானும் இறங்கி, கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

அடுத்த வசனம் தேவதூதனுடையது. சபை காத்திருந்தது.

ரத்தினபாய் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தாள். இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மெழுகுவத்தி இப்போது செல்லம்மா கையில் இருந்தது. காற்றில் அணையாதபடி அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள்.

போதகர் எழுந்து வந்தார். “இதென்னம்மா, வேதத்துல இல்லாதது? உங்க தங்கச்சியை உள்ள கூப்பிடுங்க.”

“அவ தனியா வரமாட்டா, ஐயா,” என்றாள் ரத்தினபாய். “கொஞ்சம் பொறுங்க.”