சிங்காரம் பவுடர் போடாத நாள்

தேவனேரிக் குப்பத்தில் படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆண்பிள்ளை சிங்காரம்தான். அப்பாவும் அண்ணன்களும் முடிந்தவரை முயன்று பார்த்துவிட்டு, மீனுக்குத் தீனி போடத்தான் இவன் லாயக்கு என்று கரையில் இறக்கிவிட்டார்கள். அப்படி இறங்கியவர் பூஞ்சேரி கூட்டுரோட்டுப் பக்கம் முனீர் பாயின் மரப்பட்டறையில் போய்ச் சேர்ந்தார். கடற்கரை ரிசார்ட்டுகளுக்குக் கட்டிலும் நாற்காலியும் செய்கிற பட்டறை. இழைத்த மரத்தை மெஷினால் தேய்த்து வழவழப்பாக்குவது சிங்காரத்தின் வேலை. ஐம்பது வயதாகியும் அதே வேலை.

நாள் முழுக்கத் தேக்குத் தூளில் நிற்கிற மனிதருக்கு ஒரே ஆடம்பரம் பவுடர். சந்தன வாசனைப் பவுடர். காலையில் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு பூச்சு, மத்தியானம் சாப்பிட்டு முகம் கழுவியதும் இன்னொன்று. பையில் சோறு இல்லாமல் வந்திருக்கிறார், பவுடர் டப்பா இல்லாமல் வந்ததில்லை.

"இன்னா அண்ணாத்த, மாமியார் வூட்டுக்கா கெளம்பிக்கீற?" என்பான், பக்கத்தில் கட்டிலுக்கு ஸ்க்ரூ முடுக்கும் சாலமோன்.

"உன் மூஞ்சிக்குப் போட்டாலும் வேஸ்ட்டு. அந்தப் பொறாமை உனுக்கு."

கொஞ்ச காலமாக சிங்காரத்துக்கு இருமல். செங்கல்பட்டில் பார்த்த டாக்டர், ஒன்று தூசி போக வேண்டும், இல்லை நீங்கள் அந்த வேலையை விட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் மனைவி ஜோதிலட்சுமிக்கு அதைக் கேட்டு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு.

"வேலைய வுட்டு இன்னா பண்ணுவ? எங்கண்ணன் படகுல ஏறு. நான் பக்கெட்டு எடுத்துக்கினு கூட வர்றேன்."

மெஷின் பக்கத்திலேயே தூசியைக் குழாய் வழியாக இழுத்துவிடும் இயந்திரம் ஒன்று உண்டு. முனீர் பாய்க்கு அதைப் போட மனசில்லாமல் இல்லை. மனசு கைக்கு வருவதற்குத்தான் நாளாகும். அந்தச் சமயத்தில், மரச்சாமான் வாங்கும் ரிசார்ட்டுக்காரர்கள், உங்கள் ஆட்கள் எவ்வளவு தூசியை மூச்சில் இழுக்கிறார்கள் என்று அளந்து காட்டச் சொன்னார்கள்.

"அளக்கட்டும். அளவுக்கு மேல வந்தா மெஷின் போட்டுர்றேன். வரலேன்னா மாஸ்க்க மாட்டிக்கினு சமாளி சிங்காரம்," என்றார் பாய். சிங்காரம் கரையிலேயே இருப்பதும் படகில் ஏறுவதும் அந்த அளவின் கையில் போய்விட்டது.

அளக்க வந்தவள் கூடுவாஞ்சேரிப் பெண் சங்கவி. சிங்காரத்தின் இடுப்பில் சின்ன பம்ப் ஒன்றைக் கட்டினாள். அதிலிருந்து ஒரு டியூப் முதுகு வழியாக ஏறி, சட்டைக் காலரில் மாட்டிய வட்டமான வில்லையில் முடிந்தது. வில்லைக்குள் வெள்ளை வடிதாள்.

"நீங்க மூச்சு இழுக்கற காத்த இதுவும் இழுக்கும்ணா. தூசி தாள்ல தங்கிடும். சாயங்காலம் எடுத்துப்போயி எடை பார்ப்போம். நீங்க எப்பவும்போல இருங்க. எதையும் மாத்தாதீங்க."

சிங்காரம் சொன்ன பேச்சைத் தட்டாதவர். சங்கவி பாயின் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எப்பவும்போல முகம் கழுவினார், எப்பவும்போல டப்பாவைத் திறந்தார். இடுப்பில் கருவியெல்லாம் கட்டியிருக்கிறார்களே, போட்டோ எடுத்தாலும் எடுப்பார்கள் என்று கழுத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் சங்கவி குழப்பத்தோடு பாயிடம் வந்தாள்.

"எடை எக்கச்சக்கமா வந்திருக்கு சார்."

சிங்காரம் கூரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆனா தேக்குத் தூள் பழுப்பால்ல இருக்கணும்? தாள் வெள்ளையா கீது. அப்புறம்..." அவள் கொஞ்சம் தயங்கினாள். "வாசனையா வேற கீது."

சாலமோன் பலகை மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பாய் சிங்காரத்தின் கழுத்தைப் பார்த்தார்.

"என் பட்டறத் தூசி சந்தனமா மணக்குதாம். இது தெரியாம இவ்ளோ நாளு தேக்கு வெலைக்கு வித்துக்கினு இருந்தேனே!"

"எப்பவும்போல இருன்னு நீதானேம்மா சொன்ன?" என்றார் சிங்காரம், அழாக்குறையாக.

"சொன்னேன்ணா. பவுடர் ஞாபகத்துல வரல." இந்த அளவு செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும் என்றாள். அன்றைக்குப் பவுடர் ஆகாது.

வீட்டில் ஜோதிலட்சுமி டப்பாவைப் பிடுங்கி மீன் கூடைக்கடியில் வைத்தாள். "டாக்டரு சொன்னப்பகூட உன் மூஞ்சி இப்டி சுருங்கல. வெறும் மூஞ்சியோட போ. நான் பாத்துக் கட்டிக்கல?"

"நான் பொண்ணு பாக்க வந்தப்ப நீ பாத்ததும் பவுடர் போட்ட மூஞ்சிதான்."

"அடப்பாவி!"

மறுமுறை அளக்கிற அன்று வாசலிலேயே சாலமோன் மறித்தான். "யாரு சார் வோணும்? சிங்காரம் இன்னிக்கு லீவு."

சிங்காரம் அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் பம்பைக் கட்டிக்கொண்டார். மத்தியானம் முகம் கழுவியதும் கை தானாகப் பைக்குள் போய் வெறுமனே திரும்பியது. அன்றைக்குப் பார்த்து நிறைய கட்டில் சட்டங்கள். சாயங்காலம் இமை, காது மடல் எல்லாம் பழுப்பு. சங்கவி வில்லையைக் கழற்றித் திறந்தாள். தாள் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது.

சிங்காரம் குனிந்து பார்த்தார். "இம்மாம் தூளும் எனுக்குள்ள போவுதா?"

"இது இன்னிக்கு மட்டும்ணா."

சாலமோன் எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தான். பாய் கைக்குட்டையை எடுத்துத் தன் மூக்கைத் துடைத்து, துணியை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

எடையும் அளவுக்கு மேலேதான் வந்தது. பாய் நாலு நாள் முணுமுணுத்தார், ஆனால் சொல் தவறவில்லை. தேய்க்கும் மேஜைக்கு மேல் அகல வாய்க் குழாயோடு இயந்திரம் வந்து உட்கார்ந்தது.

இயந்திரம் ஓடிய முதல் நாள் மத்தியானம் சிங்காரம் சாப்பிட்டு, முகம் கழுவி, தன் இடத்தில் நின்று, மீன் கூடைக்கடியிலிருந்து மீட்ட டப்பாவைத் திறந்தார். உள்ளங்கையில் தட்டிய பவுடரைக் கழுத்துக்குக் கொண்டுபோவதற்குள், வெள்ளைப் புகையாக எழும்பி அது குழாய்க்குள் போய்விட்டது. இன்னொரு தரம் தட்டினார். அதுவும் போயிற்று.

கையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தபடி உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னார்:

"பாய், மெஷின் நல்லாத்தான் இழுக்குது!"