வால் அக்கா

ஏவுகணைக் கூடத்தில் அவரை எல்லோரும் வால் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏவுகணையின் பின்பகுதியில் இருக்கும் சிறகுகளும் அவற்றைத் திருப்பும் மோட்டார்களும் அவருடைய பொறுப்பு. லாரியிலிருந்து கிளம்பி, வானத்தில் ஏறி, சில நிமிடங்களில் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி விழ வேண்டிய குறுந்தூர ஏவுகணை அது. திட எரிபொருள் என்பதால் கடைசி நேரத்தில் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டாம், சொன்னதும் கிளம்பும். இறங்கும்போது திசை தப்பினால் சரிசெய்வது சிறகுகளின் வேலை.

முதல் சோதனையில் அது அழகாக ஏறியது. இறங்கும்போது தலை திரும்பி, இலக்கைவிட்டு எங்கோ கடலில் போய் விழுந்தது.

விசாரணைக் கூட்டத்தில் திட்ட இயக்குநர் சுற்றி வளைக்கவில்லை. “சிறகு திரும்பல. அவ்வளவுதான் விஷயம்.”

“திரும்பலைன்னு எனக்கும் தெரியுது சார். திரும்பச் சொல்லி உத்தரவு போச்சா?”

“கம்ப்யூட்டர் அனுப்பியிருக்கும்மா.”

“அனுப்பினது சரி. வந்து சேந்துச்சா?”

உத்தரவு போகும் கம்பிகளுக்குப் பொறுப்பான மின்பிரிவுத் தலைவர் தண்ணீர் குடித்தார். பழி வாலோடு ஒட்டிக்கொண்டது. அக்கா சிறகின் தண்டைத் தடிமனாக்கினார், பெரிய மோட்டார் வைத்தார், சூடு தாங்குமா என்று எல்லாவற்றையும் உலையில் சுட்டுப் பார்த்தார். வாலின் எடை கூடியதால் குண்டின் எடையைக் குறைக்க வேண்டியிருக்கிறதென்று குண்டுப்பகுதிக்காரர்கள் தினமும் வந்து சண்டை போட்டார்கள். ரகசிய வேலை, வீட்டில் எதுவும் சொல்லக் கூடாது என்பதால் கோபமெல்லாம் பாத்திரங்கள் மேல் இறங்கியது. “ஆபீஸ்ல என்னதான் பிரச்சினை?” என்று கணவர் கேட்டால், “ஒண்ணுமில்ல” என்பார். மூடி ஒன்று தரையில் உருளும்.

இரண்டாவது சோதனையிலும் ஏவுகணை அதே மாதிரி கடலில் போய் விழுந்தது. இந்த முறை ஆழம் குறைந்த இடம். வாலை வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்று அக்கா அடம்பிடித்தார். “குப்பையை எடுத்து என்ன பண்ணப் போறீங்க?” என்றார் இயக்குநர்.

“குப்பைன்னு முடிவு பண்ணிட்டீங்கள்ல, அப்புறம் என்கிட்ட குடுக்க என்ன கஷ்டம்?”

முக்குளிப்பவர்கள் கொண்டுவந்து போட்ட வால் நசுங்கிக் கிடந்தது. நல்லபடியாக மிஞ்சியிருந்த ஒரு சிறகை அக்கா கையால் தள்ளினார். மணல் கரகரக்க அது திரும்பியது. மோட்டாரின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளின் பிளக் பாதி கழன்று தொங்கியது. மற்ற பிளக்குகள் விழுந்த வேகத்தில் உடைந்திருந்தன. இதில் ஒரு கீறல்கூட இல்லை. விழுவதற்கு முன்பே, கிளம்பும்போதுள்ள அதிர்விலேயே அது தளர்ந்திருக்க வேண்டும். அதிர்வைச் சோதிக்கும் மேடையில் வைத்து ஆட்டிப் பார்த்தபோது புதுப் பிளக்கும் அதே மாதிரி கழன்றது.

இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஓ, இதுதானா? ஒரு பூட்டு வளையம் போட்டுடலாம். சின்ன விஷயம்” என்றார்.

“சின்ன விஷயமா சார்? இதுக்காகவா என் பிரிவு ஆளுங்கள ஞாயித்துக்கிழமைகூட வீட்டுக்கு அனுப்பாம வச்சிருந்தீங்க?”

“இப்ப அதெல்லாம் எதுக்கும்மா, வேலையப் பாருங்க.”

வளையம் போட்ட மூன்றாவது ஏவுகணை இலக்கின் நடுவிலேயே இறங்கியது. அன்று மாலை தொலைக்காட்சியில் இயக்குநர் மாலையோடு நின்றார். வாலில் இருந்த சில குறைகளைத் தாண்டி வந்ததாகச் சொன்னார். மாமியார் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “யாரு பெத்த பிள்ளைங்களோ, எப்படிச் சாதிக்குதுங்க பாரு! நீயும் இருக்கியே, எந்நேரமும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு.”

“அந்த வால் நான் செஞ்சதுதான்” என்று அக்காவுக்கு வாய் வரைக்கும் வந்தது. எழுந்து உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினார்.

அடுத்த வாரக் கூட்டத்தில் தூரத்தை ஐந்நூறாக்க வேண்டும் என்றார்கள். “தூரத்தை நீங்க கூட்டுங்க சார். வாலை வேற யாராவது பாத்துக்கட்டும்” என்றார் அக்கா. நகைச்சுவை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். இடமாற்றம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

புது வரைபடம் அவர் மேசைக்கு வந்தது. தொடக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தார், கண் தானாக அதன் மேல் போனது. தூரத்துக்காக வேகம் அவ்வளவு கூடியிருக்க, சிறகின் தடிமனைப் பழையபடியே விட்டிருந்தார்கள்; அந்த வேகத்தில் சிறகு ஒடிந்துவிடும். “அடக் கடவுளே, கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டா போட்டீங்க!” என்று கத்திக்கொண்டே அக்கா தொலைபேசியை எடுத்தார்.