இரண்டு இடத்தில் கேட்ட குரல்

“இவ அவ இல்லப்பா” என்று மேஸ்திரி என் காதில் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் மனைவி எங்கள் முன்னால் டீ டம்ளர்களை வைத்துவிட்டு அப்போதுதான் உள்ளே திரும்பியிருந்தார். “மூஞ்சி அதேதான். மச்சம்கூட அப்படியே இருக்கு. ஆனா ஆளு வேற. என் பொண்டாட்டி எங்க போனான்னு கொஞ்சம் விசாரி.”

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் எனக்கு வெல்டிங் வேலை. அவர் எங்கள் பகுதிக்கு மேஸ்திரி. கிரேன் ஏணியிலிருந்து தவறி விழுந்து தலையில் அடிபட்டு, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து புதுவாயல் வீட்டுக்குத் திரும்பியவருக்கு என்னைத் தெரிந்தது, தெருவைத் தெரிந்தது. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி மட்டும் அந்நியராகிவிட்டார். கண் அடையாளம் காண்கிறது, நெருக்கம்தான் வருவதில்லை என்றாராம் டாக்டர்.

போனில் குரலை மட்டும் கேட்கும்போது அவருக்குச் சந்தேகமே கிடையாது. அக்கா பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே நின்று கூப்பிடுவார். கூடத்தில் மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஊட்ல எவளோ ஒருத்தி இருக்கா. உன் புடவையக் கட்டிக்கினு சுத்துறா. நீ எப்ப வர்ற?” என்பார். “வரேன், சாப்டுங்க” என்ற பதில் ஒரே நொடியில் போனிலிருந்தும் பின்வாசலிலிருந்தும் வரும். நடுவில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

அக்காவின் பிறந்த வீடு பௌத்தத்துக்கு மாறிய குடும்பம். ஒருநாள் என்னிடம் சொன்னார்: “எங்க பிக்கு சொல்வாரு தம்பி. கண்ணு, கண்ணுல படுற உருவம், ‘இவதான்’னு சொல்ற மனசு, எல்லாம் சேர்ந்தாதான் ஒரு ஆளு. உள்ள தனியா ஒருத்தி உக்காந்துகினு இல்ல. அப்பல்லாம் தலையாட்டிக்கினு கேட்டேன். இப்ப அவரு என்னைப் பாக்குறப்ப பயமா இருக்கு. நேத்து இருந்தவ நான்தான்னு இன்னாத்த காட்டி நிரூபிக்கிறது?” அன்று மாலை கதவைத் திறந்த என் மனைவியின் முகத்தைத் தேவைக்கு மேல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனில் ‘வரேன்’ என்றவளுக்காக மேஸ்திரி வாசலிலேயே காத்திருக்கத் தொடங்கினார். சோறு இறங்கவில்லை. ஒருநாள் நான் பக்கத்தில் நிற்கும்போதே அக்கா கடைசியாக அவரைப் போனில் கூப்பிட்டார். “நான் இனிமே வரமாட்டேன். அங்க இருக்கிறவ நல்லவதான். அவ கையால சாப்டுங்க.” போனை அணைத்துவிட்டு, யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்தவர்போல அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து அழுதார். கூடத்திலும் அழுகைச் சத்தம் கேட்டது.

மறுவாரம் மேஸ்திரி தானாகவே தட்டை நீட்டினாராம். அதன் பிறகு ஐந்து வருடம் அக்கா அந்த வேறொருத்தியாகவே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டார். அவர் இறந்த பின் போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். கடைசிவரை அவர் கண்டுபிடிக்கவே இல்லையா என்று கேட்டேன்.

“இல்ல தம்பி. தவறிப்போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி என் கையப் புடிச்சிக்கினு, ‘அவ திரும்பி வந்தாலும் நீ போவாத’ன்னாரு.”